ஒரே தட்டலில் நூற்றெண்பது ஷீட்

போன மாசம் இங்கே தோஹாவில் ஒரு சைட்டில், கம்பி கட்டி முடித்த மாடிப்படியைப் பிரித்துப் போட வேண்டியதாப் போச்சு. தப்பு எங்க ட்ராயிங்கில். முந்தின வாரம் ராத்திரி 180 ஷீட்டை ஒரே தட்டலில் பிரிண்டுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போன புண்ணியவான் அடியேன்தான். அப்பாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "மக்களே, ஒண்ணொண்ணா பாக்கலியா?" என்றார். அதனால்தான் இந்தக் கொசுவத்திச் சுருள்.

அப்பா எண்பதுகளில் திருவனந்தபுரத்தில் ட்ராஃப்ட்ஸ்மேன். நாகர்கோவிலிலிருந்து தினமும் ரயில். பள்ளிக்கூட லீவில் என்னையும் கூட்டிப்போவார். ட்ரேசிங் பேப்பரில் ரோட்ரிங் பேனாவால் கோடு. தப்பு வந்தால் பிளேடால் பதமாகச் சுரண்டி, அதே இடத்தில் மறுபடி வரைவார். பேப்பர் கிழிந்தால் மூணு நாள் வேலை காலி.

காப்பி எடுப்பது தனிக் கதை. மருந்து பூசிய தாள் மேல் ட்ரேசிங்கை வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். கோடு மறைத்த இடத்தில் மட்டும் மருந்து மிஞ்சும். அம்மோனியா ஆவி பட்டதும் அது நீலமாகத் தெரியும். அந்த ரூமுக்குள் போனால் கண்ணில் தண்ணி கொட்டும். (ப்ளூபிரிண்ட் என்ற பேர் இதைவிடப் பழசு. 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை அது. நீலத் தாளில் வெள்ளைக் கோடு விழும். முறை மாறியும் பேர் ஒட்டிக்கொண்டது.) எட்டு காப்பி வேணுமென்றால் ஒவ்வொரு ஷீட்டும் எட்டு தடவை மெஷினுக்குள் போகணும். எட்டு தடவையும் அப்பா கண் அதன் மேலேயே இருக்கும். ஒருநாள் ஈரம் காயாத பிரிண்டைத் தூக்கிப் பிடித்து, "பிளான்ல பதினேழு படி, செக்‌ஷன்ல பதினாறு" என்று தலையில் அடித்துக்கொண்டது இன்னும் ஞாபகம் இருக்கு.

ஆட்டோகேட் வெளிவந்தது 1982 டிசம்பரில். ஆரம்பத்தில் பேனா பிளாட்டர்தான். நிஜப் பேனாவைப் பிடித்துக்கொண்டு அது சர் சர்ரென்று வரையும், நாம் டீ குடித்துவிட்டு வரலாம். நிறைய ஷீட் இருந்தால் கட்டளைகளை வரிசையாக ஒரு ஸ்கிரிப்ட் ஃபைலில் எழுதி ராத்திரி ஓடவிடுவார்கள். ஆட்டோகேட் 2000 வந்தபோது பல ஃபைல்களை மொத்தமாக அடிக்கத் தனியாக ஒரு புரோகிராம் கூடவே வந்தது. 2004 பதிப்பில் 'பப்ளிஷ்' கட்டளை. 2005 பதிப்பில் 'ஷீட் செட்': மொத்த ஷீட்டும் ஒரே பட்டியலில், தேதியும் ரிவிஷன் நம்பரும் ஓரிடத்தில் மாற்றினால் எல்லா டைட்டில் பிளாக்கிலும் தானாக மாறும். பார்த்தபோது நான் துள்ளிக் குதித்தேன் :-)

என்னைக் கவிழ்த்ததும் அதேதான். படிக்கட்டு ஷீட்டுக்குள் இணைத்திருந்த ஸ்ட்ரக்சுரல் ஃபைல் பழைய ஃபோல்டரைக் காட்டிக்கொண்டிருந்தது. படம் இரண்டாம் ரிவிஷன், டைட்டில் பிளாக் சமர்த்தாக மூணு என்றது. பிரிண்டும் ஒரு குறை சொல்லாமல் வந்தது. சைட்டில் இருப்பவர் நம்பரைத்தானே பார்ப்பார்? அப்பா காலத்தில் இப்படி நடக்க வழியில்லை. நம்பரும் கோடும் ஒரே ட்ரேசிங்கில், ஒரே கை சுரண்டித் திருத்தியது. அப்போதும் பழைய பிரிண்ட் சைட்டில் தங்கிவிடும் தொல்லை உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பிரிண்டில் பழைய நம்பர்தான் இருக்கும். பொய் சொல்லாது.

அதே ஊரில்தான் லாரி பேக்கர் இருந்தார். பர்மிங்ஹாமில் 1917-ல் பிறந்து, 2007-ல் திருவனந்தபுரத்தில் காலமானவர். உள்ளூர் பக்கம் இருக்கும் சென்டர் ஃபார் டெவலப்மென்ட் ஸ்டடீஸ், தம்பானூரில் ரயிலடி எதிரே சுருள் சுருளாக ஏறும் இந்தியன் காபி ஹவுஸ் எல்லாம் அவர் கைவண்ணம். கிடைத்த காகிதத்தின் பின்பக்கத்தில் படம் போடுவார், மீதியை சைட்டில் கொத்தனாரோடு நின்று முடிவு செய்வார். அப்பாவுக்கு அவர் மேல் கொஞ்சம் கடுப்பு. "சாயிப்பு மாதிரி எல்லாரும் இருந்தா எனக்கு சோறு ஏது?" என்பார். ஆனால் லீவில் என்னை அந்தக் காபி ஹவுஸுக்குத் தவறாமல் கூட்டிப்போனதும் அவர்தான். எனக்குப் பொறாமைதான். ஆனால் 180 ஷீட் கேட்கும் ஊரில் கவரின் பின்பக்கம் எடுபடாது. திருவனந்தபுரம் கார்ப்பரேஷனிலேயே 2024 முதல் கே-ஸ்மார்ட் வழியாக ஆன்லைனில்தான் பிளான் போகிறது. காகிதத்தைத் தூக்கிப் பிடிக்க ஆளே வேண்டாம்.

நேற்று அப்பா, திருத்திய படிக்கட்டு ஷீட்டை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னார். கண்ணில் ஆபரேஷன் முடிந்து ஆறு மாசம்தான் ஆகுது. ஒரு மணி நேரம் கழித்து வாய்ஸ் மெசேஜ்: "மக்களே, லேண்டிங் மட்டம் பிளான்ல ஒண்ணு, செக்‌ஷன்ல ஒண்ணு போட்டிருக்கியே, எது சரி?"

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் போனதும் அதைத்தான் பார்க்கணும்.