தெருப் புகைப்படக்கலை

கடைவீதி, சந்தி, சந்தை, பஸ் தரிப்பிடம் போன்ற பொது இடங்களில் அன்றாடம் நடப்பதை, யாரையும் நிறுத்தி வைக்காமல், எதையும் மாற்றி அடுக்காமல் படமெடுப்பது தெருப் புகைப்படக்கலை. செய்திப்படம் சம்பவத்தைத் தேடிப் போகும். தெருப்படத்துக்குச் சம்பவம் வேண்டியதில்லை. தினமும் கடந்து போகும் காட்சியில் ஒரு கணம் தலைகாட்டும் விசித்திரம் போதும். 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா போன்ற சிறிய கமராக்கள் இதற்கு வழி திறந்தன. பிரான்ஸைச் சேர்ந்த ஹென்றி கார்ட்டியே-பிரெசோன் (1908–2004) அதன் பெரும் ஆசான்.

தெற்காசிய நகரங்களின் விசித்திரத்தை முழுமையாகக் கண்டவர் ரகுபீர் சிங் (1942–1999). ஜெய்ப்பூரில் பிறந்த இவர், 1966இல் அதே நகரில் கார்ட்டியே-பிரெசோன் படமெடுப்பதை நேரில் கண்டார். ஆசானிடம் கற்றார், ஆனால் அவருடைய கறுப்பு வெள்ளையை ஏற்கவில்லை. கலைப்படம் என்றால் கறுப்பு வெள்ளைதான் என்று உலகம் நம்பிய காலத்தில் கோடாக்குரோம் வண்ணச்சுருளில் தொடர்ந்து வேலை செய்தார். ஒளியைக் குறைவாகவே பிடிக்கும் சுருள் அது. கழுவுவதற்கும் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்று அறியவே காத்திருக்க நேர்ந்தது.

ஹவுராவின் நடைபாதைக் கண்ணாடிக் கடையை அவர் 1991இல் எடுத்த படம் இக்கலைக்கு ஒரு பாடம். விற்பனைக்குச் சாத்தி வைத்த கண்ணாடிகளில் தெரு துண்டு துண்டாகத் தெரிகிறது. எது தெரு, எது அதன் பிம்பம் என்று கண் தடுமாறுகிறது. இருட்டறையில் எந்த வித்தையும் செய்யப்படவில்லை. வியாபாரி அடுக்கி வைத்தது அப்படி. பம்பாயில் எடுத்த படங்களிலும் கடைக் கண்ணாடிக்கு உள்ளே இருப்பவர்களும் வெளியே போகிறவர்களும் ஒரே சட்டத்துக்குள் நெருக்கியடித்துக்கொள்கிறார்கள். கல்கத்தா, பம்பாய், பெருஞ்சாலை, தமிழ்நாடு என்று இடத்துக்கு ஒரு நூலாக வெளியிட்டார். அம்பாசடர் காரை வைத்து அமைத்த படநூல் அவர் இறந்தபின் 2002இல் வந்தது.

மேற்கின் கறுப்பு குற்றவுணர்வோடும் சாவோடும் பிணைந்தது, இந்தியாவின் வண்ணம் மறுபிறவி நம்பிக்கையில் ஊறியது என்று அவர் காரணம் சொன்னார். இந்த விளக்கம் போதாது. மறுபிறவியை நம்பாத முஸ்லிம்களின் கடைவீதியிலும் அதே வண்ணம் கொட்டிக் கிடக்கிறது. விளக்கம் தவறினாலும் அவருடைய கண் தவறவில்லை.

இலங்கையில் புகைப்படத்தைக் கலையாக்கிய லயனல் வென்ட் (1900–1944) வேறு வழி சென்றவர். வழக்கறிஞரும் பியானோ கலைஞருமான அவர், படங்களை ஒட்டிச் சேர்த்தும் இருட்டறையில் ஒளியைப் புரட்டியும் விசித்திரத்தைத் தாமே உண்டாக்கினார். தெருவில் கிடப்பதை அப்படியே அள்ளுவது அவர் பாணியன்று.

கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று போன்ற இலங்கையின் கிழக்குக் கரைப் பட்டினங்கள் இக்கலைக்கு மிகப் பொருத்தமானவை. வயலும் கடலும் பட்டினமும் இங்கே சில கிலோமீற்றருக்குள் அடங்கிவிடுகின்றன. வீதியோரத்தில் நெல் காய்கிறது. அதற்கு எதிரே கைத்தொலைபேசிக் கடையின் விளக்குப் பலகை மின்னுகிறது. வரிப்பத்தான்சேனை போன்ற வயலூர்களுக்கும் கரையோரக் கடைவீதிகளுக்கும் உள்ள தூரம் சிறிது. காட்சியில் உள்ள தூரம் பெரிது. அந்த இடைவெளியைப் படமாக்க வேண்டியவர் இந்த ஊர்களில் பிறந்த ஒருவரே.

ஆனால் முகம் தெரியாத கமராவை இங்கே யாரும் விரும்புவதில்லை. போர்க்காலத்தில் முகாமுக்கும் சோதனைச் சாவடிக்கும் அருகே கமராவைத் தூக்குவதே ஆபத்தாக இருந்தது. பெண்களைக் கேளாமல் படமெடுப்பது மரியாதைக் கேடு. படம் வேண்டாம் என்னும் மறுப்பைக் கலையின் பெயரால் மீறுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை. மனிதர் முகம் இல்லாமலே தெருவைச் சொல்ல முடியும் என்பதற்குப் பாரிஸின் யூஜின் அட்ஜே (1857–1927) சான்று. பெரிய மரக் கமராவைச் சுமந்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பழைய பாரிஸை அவர் பதிவு செய்தார். பெரும்பாலான படங்களில் தெரு வெறிச்சோடிக் கிடக்கும். துணிக்கடைப் பொம்மைகளின் மேல் எதிர்க் கட்டடங்கள் கண்ணாடியில் படிந்திருக்கும். மீயதார்த்தவாதிகள் 1926இல் தம் இதழில் இவருடைய படங்கள் சிலவற்றை வெளியிட்டனர். அவை வெறும் ஆவணங்கள்தான், தம் பெயரைப் போட வேண்டாம் என்று அட்ஜே கேட்டுக்கொண்டார். பெயர் இல்லாமலே அவை அச்சாயின.