மராத்திய மேடையின் பால கந்தர்வர்

விஷ்ராந்த்வாடியிலிருந்து டெக்கான் ஜிம்கானா பக்கம் பேருந்தில் சென்று வரும் தமிழன்பர்கள் ஜங்கிலி மகராஜ் சாலையிலே, சம்பாஜி பூங்காவின் அருகில், பெரியதொரு நாடக அரங்கத்தைக் கண்டிருப்பார்கள். நடத்துநர் அந்த நிறுத்தத்தை 'பால் கந்தர்வ்' என்று கூவுவார். ஊருக்குப் புதியவனாக இருந்த நாளில் இக்கட்டுரையாளன் அதைக் கேட்டு, ஏதோ பால் பண்ணையின் பெயராக்கும் என்று எண்ணியதுண்டு. மராத்தியில் 'பால்' என்றால் பாலகன். பால் கந்தர்வ் என்றால் குழந்தைக் கந்தர்வன். இந்த நாட்டு மக்கள் அரை நூற்றாண்டுக் காலம் போற்றிக் கொண்டாடிய ஒரு பாடக நடிகருக்கு வழங்கிய பட்டம் அது. நம்மவர் கிட்டப்பாவையும் தியாகராஜ பாகவதரையும் எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறார்களோ அவ்வாறே மராத்தியர் அவரை நினைவில் வைத்திருக்கின்றனர். ஆயினும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. நம்முடைய பாகவதர் ராஜபார்ட், இவரோ ஸ்திரீபார்ட்.

அவருடைய இயற்பெயர் நாராயண ஸ்ரீபாத ராஜஹம்ஸர். பிறந்தது 1888ஆம் ஆண்டு ஜூன் மாதம் 26ஆம் நாள். சிறுவனாக இருந்தபோது புணே நகரில் அவர் பாடக் கேட்ட லோகமான்ய திலகர், 'இவன் பால கந்தர்வன்' என்று வியந்தார் என்பர். அந்தச் சொல்லே பிற்காலத்தில் அவருடைய பெயராக நிலைத்துவிட்டது. முறையான சங்கீதப் பயிற்சியை அவர் பாஸ்கர்புவா பகலே என்னும் பெரும் வித்துவானிடம் பெற்றார்.

பாடும் பிள்ளைக்குக் காது சற்று மந்தம் என்பது விதியின் விளையாட்டுப் போலும். கொல்ஹாபூர் அரசர் சாகு மகாராஜா அவரை வைத்தியத்திற்காக மிரஜ் நகருக்கு அனுப்பினார். அப்போது கிர்லோஸ்கர் நாடகக் கம்பெனி அங்கே முகாமிட்டிருந்தது. பெண் வேடம் புனைந்து பாடுவதில் இணையற்றவராக விளங்கிய பாவுராவ் கோல்ஹட்கர் 1901இல் காலமான பிறகு, அந்தக் கம்பெனி அவருடைய இடத்தை நிரப்ப ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்த சமயம் அது. 1905ஆம் ஆண்டில் பதினேழு வயது நாராயணன் சகுந்தலையாக மேடையேறினார். வைத்தியத்திற்குப் போன பிள்ளை நாடகக்காரனாகத் திரும்பினான்.

இவ்விடத்தில் மராத்திய சங்கீத நாடகத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1880ஆம் ஆண்டில் அண்ணாசாஹேப் கிர்லோஸ்கர் புணே நகரில் அரங்கேற்றிய சாகுந்தலத்தோடு அம்மரபு நிலைபெற்றது. தமிழராகிய நமக்கு இது முற்றிலும் அந்நியமான செய்தியன்று. தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர்கள் தம் அவையிலே மராத்தி மொழியிலும் நாடகங்கள் எழுதியவர்கள். நம்மூர்ப் பழைய நாடகக் கம்பெனிகளிலும் தஞ்சாவூர் மராத்தியருடைய கை உண்டு. ஆண்களே பெண் வேடம் பூணுவது, ஆர்மோனியமும் தபலாவும் மேடைக்கு முன்னே அமர்வது, பாட்டு நன்றாக அமைந்துவிட்டால் சபையோர் 'ஒன்ஸ்மோர்' என்று கூவுவது, இவை யாவும் மதுரைக்கும் மிரஜுக்கும் பொதுவாக இருந்த வழக்கங்களே.

இந்த 'ஒன்ஸ்மோர்' என்னும் சொல்லைக் கேலியாக நினைத்துவிடலாகாது. பால கந்தர்வருடைய கலையே அதன்மேல் நின்றது. ஒரு பாட்டை ஒருமுறை பாடி முடிப்பார். சபை மீண்டும் கேட்கும். இரண்டாம் முறை அதே அடியை வேறொரு பிடியில் தொடங்குவார். மூன்றாம் முறை தாளத்தைச் சற்றே வளைத்து, தபலாக்காரர் எந்த இடத்தில் வந்து சேர்வார் என்று சபையோரைத் தவிக்க வைப்பார். தபலாவில் அமர்ந்திருந்தவரும் சாமானியரல்லர். வடநாட்டுத் தபலா உலகின் சக்கரவர்த்தி எனப் பின்னாளில் பெயர் பெற்ற அகமத்ஜான் திரக்வா, பல ஆண்டுகள் அவருடைய கம்பெனியில் வாசித்தவர். கதை நின்றுவிடும், துஷ்யந்தன் காத்திருப்பான், சபை கவலைப்படாது. இரவு பத்து மணிக்குத் தொடங்கிய நாடகம் பொழுது விடியும்வரை நடப்பது அக்காலத்தில் அதிசயமில்லை.

1911ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 12ஆம் நாள், காடில்கர் எழுதிய 'மானாபமான்' நாடகம் பம்பாயில் அரங்கேறிற்று. மெட்டமைத்தவர் கோவிந்தராவ் டேம்பே. கதாநாயகி பாமினியாக வரவேண்டியவர் பால கந்தர்வர். அன்றைய தினம் அவருடைய குழந்தை இறந்துவிட்டது. ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்று கம்பெனியார் சொன்னார்கள். அவர் இணங்கவில்லை. சீட்டு வாங்கி வந்தவர்களை ஏமாற்றக் கூடாது என்று வேடம் புனைந்துகொண்டு மேடைக்குப் போனார். அந்த இரவில் சபையோர் கண்டது சிரித்துக் குலுங்கும் செல்வச் சீமான் வீட்டுப் பெண்ணைத்தான். இந்தச் செய்தியை மராத்தியர் வழிபாட்டு உணர்ச்சியோடு சொல்வர். எனக்கோ அதைக் கேட்கும்போதெல்லாம், வீட்டில் இருந்த தாய் இலட்சுமிபாயின் நினைவுதான் முதலில் வருகிறது.

1913இல் டேம்பேயும் கணபதராவ் போடஸும் உடன் சேர, 'கந்தர்வ நாடக மண்டலி' என்ற சொந்தக் கம்பெனி பிறந்தது. 1916இல் 'ஸ்வயம்வர்' நாடகத்தில் ருக்மிணி. பாட்டுகளுக்கு இசை வகுத்தவர் குருவாகிய பாஸ்கர்புவாவே. அந்நாட்களில் அக்கம்பெனியின் மேடை ஒரு சிற்றரசு. பட்டு உண்மையான பட்டு. சரிகை உண்மையான சரிகை. அரங்கத்தில் அத்தர் மணக்கும். பால கந்தர்வர் சேலை கட்டும் பாணியையும் கொண்டையில் பூ வைக்கும் பாணியையும் பார்த்து, நல்ல குடும்பத்துப் பெண்கள் அவ்வாறே உடுத்தத் தொடங்கினார்கள். ஆண் ஒருவரிடமிருந்து ஒரு தேசத்துப் பெண்கள் உடை உடுத்தக் கற்ற விந்தையை வேறெங்கும் அதிகமாகக் காண்பதற்கில்லை.

அதே மனிதர் 1919ஆம் ஆண்டில் பரோடாவில், ராம் கணேஷ் கட்கரியின் 'ஏகச் பியாலா' நாடகத்தில் குடிகாரன் மனைவி சிந்துவாகக் கந்தல் சேலையோடு வந்து நின்றார். நாடகத்தை எழுதிய கட்கரி அரங்கேற்றத்தைக் காணாமலே சில வாரங்களுக்கு முன் இறந்துபோயிருந்தார். பட்டுக்கும் அத்தருக்கும் கூடிய கூட்டம் கந்தலுக்கும் கூடிற்று.

1921ஆம் ஆண்டு ஜூலை மாதம் 8ஆம் நாள் பம்பாயில் நிகழ்ந்த ஓர் ஆட்டத்தை மராத்திய நாடக உலகம் மறப்பதில்லை. திலக் சுயராஜ்ய நிதிக்காக இரண்டு போட்டிக் கம்பெனிகள் ஒரே மேடையில் சேர்ந்து 'மானாபமான்' நடத்தின. நாயகன் தைரியதரனாக 'லலிதகலாதர்ஸ்' கம்பெனியின் கேசவராவ் போஸ்லே. நாயகி பாமினியாகப் பால கந்தர்வர். முந்திய ஆண்டில் மறைந்த திலகர் சூட்டிய பெயரைத் தாங்கியவர், அத்திலகரின் பெயரால் எழுந்த நிதிக்குப் பாடினார். இரு தரத்து ரசிகர்களும் இரவெல்லாம் தத்தம் வீரருக்கு 'ஒன்ஸ்மோர்' கேட்டார்கள். அவ்வாண்டு அக்டோபரிலேயே கேசவராவ் இளவயதில் மாண்டுபோனார்.

புகழின் உச்சியில்தான் கடன் கண்ணுக்குத் தெரியலாயிற்று. பால கந்தர்வருக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாது. பார்க்க விருப்பமும் இல்லை. கம்பெனியின் கடன் இலட்சத்தைத் தாண்டியிருந்தது. செலவைச் சுருக்குங்கள் என்று நண்பர்கள் கூறியபோதும் மேடையின் பட்டையும் மணத்தையும் குறைக்க மனம் வரவில்லை. ஆனால் கடன்காரரை ஏய்க்கவும் இல்லை. ஊர் ஊராக ஆடிப் பாடி, ஆண்டுக் கணக்கில் அடைத்தார். அடைத்த பின் மீண்டும் கடன் வந்தது. அதைப் பெருந்தன்மை என்பதா, பொறுப்பின்மை என்பதா? இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தன என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

அதற்குள் பேசும் படம் வந்துவிட்டது. நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகச் சினிமாக் கொட்டகைகள் ஆயின. 1933இல் கொல்ஹாபூரிலிருந்து புணேக்குப் பெயர்ந்த பிரபாத் கம்பெனி, இப்போது திரைப்படக் கல்லூரி இருக்கும் அதே இடத்தில், சாந்தாராமின் இயக்கத்தில் பால கந்தர்வரை வைத்து ஒரு படம் எடுத்தது. தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர் இல்லத்தில் உணவருந்திய ஏகநாத சுவாமிகளின் சரித்திரம் அது. முதலில் 'மகாத்மா' என்று பெயரிட்டார்கள். காந்தியடிகளின் நினைவு வருமென்று தணிக்கையாளர் தடுக்கவே, 1935இல் 'தர்மாத்மா' என்ற பெயரோடு வெளிவந்தது. நாற்பத்தேழு வயதில் பால கந்தர்வர் அதில் ஆண் வேடம் பூண்டு ஏகநாதராக நடித்தார்.

அதே 1935ஆம் ஆண்டில் தமிழ் நாட்டில் நிகழ்ந்ததை நேயர்கள் இங்கே நினைவுகூர வேண்டும். 1933இல் கிட்டப்பாவை இழந்து, வெள்ளுடை தரித்து, இனி எந்த ஆடவனோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டிருந்த கே. பி. சுந்தராம்பாள், இலட்ச ரூபாய் ஊதியத்தில் 'பக்த நந்தனார்' படத்தில் தோன்றினார். அவர் ஏற்றது நந்தனார் என்னும் ஆண் வேடம். அதுவும் தீண்டாமையின் கொடுமையைச் சொல்லும் பக்தர் கதையே. புணேயில் பெண் வேடத்தால் பெயர் பெற்ற ஆண் ஆண் வேடத்திலும், தமிழ்ப் படத்தில் மேடை நாயகி ஆண் வேடத்திலும் ஒரே ஆண்டில் திரைக்குச் சென்றார்கள்.

அதன் பிறகு இருவருடைய பாதையும் பிரிந்துவிட்டது. சுந்தராம்பாள் 1953இல் ஔவையாராகவும், 1965இல் 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவையாகவும் வந்து, முதுமையிலும் படவுலகில் நிலைத்தார். பால கந்தர்வருக்கோ பிரபாத்தோடு ஏற்பட்ட உறவு ஒரே படத்தோடு முடிந்தது. 1937இல் 'சாத்வி மீராபாய்' என்ற படத்தில் மீராவாகவே வேடம் புனைந்து பார்த்தார்; அதுவும் கைகொடுக்கவில்லை.

காரணம் குரல் குறைந்தது என்று சிலர் கூறுவர். நான் அப்படி நினைக்கவில்லை. மேடையில் பார்ப்பவருக்கும் நடிப்பவருக்கும் இடையே ஓர் உடன்படிக்கை இருந்தது. முப்பதடி தூரம், விளக்கொளி, பாட்டு ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஐம்பது வயது ஆடவரும் பதினாறு வயது ருக்மிணிதான் என்று இருதரத்தாரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். காமிரா அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அது முகத்தின் அருகே போய் நின்றுவிட்டது. அன்றியும், படத்தில் 'ஒன்ஸ்மோர்' கேட்க வழியில்லை. கேட்டாலும் திரையிலுள்ளவர் காதில் விழாது. சபையோடு பேசிப் பேசியே பாட்டை வளர்த்தவருக்குச் சபையில்லாத இடத்தில் பாட்டு வளரவில்லை. கிராமபோன் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல் பாடலாம். அந்தத் தட்டுகளைக் கேட்பவர்கள் அவருடைய குரலின் இனிமையை அறியலாம். மேடையிலே அப்பாட்டு எத்துணை நேரம் நின்றது என்பதை அறிய முடியாது. சுந்தராம்பாளின் குரலோ வேடத்தை நம்பி இருந்ததன்று. நந்தனாராயினும் ஔவையாயினும் அது சுந்தராம்பாளின் குரலாகவே ஒலித்தது. மக்களும் அதைத்தான் கேட்க வந்தார்கள்.

சீன நாட்டிலே மெய் லான்ஃபாங் என்பவர் பெண் வேடத்தில் பாடி உலகப் புகழ் பெற்றார். 1961இல் மறையும்வரை அவருடைய நாட்டில் அந்த மேடை மரபு உயிரோடிருந்தது. மராத்திய நாட்டிலோ 1930ஆம் ஆண்டுகளில் பெண்களே மேடைக்கு வரலாயினர். அது நியாயமான மாறுதலே. காலங்கடந்து வந்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்நியாயத்தின் விலையைக் கொடுத்தவர்களில் பால கந்தர்வரும் ஒருவர்.

1938இல் கன்னடம் பேசும் பகுதியிலிருந்து வந்த கோஹர்பாய் என்னும் பாடகி அவர் கம்பெனியில் சேர்ந்தார். பால கந்தர்வரின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே அவருடைய பாணியைக் கைவரப் பெற்றவர். இனி ஸ்திரீபார்ட் அவருடையது. பால கந்தர்வர் ஆண் வேடம் பூண்டார். தம்முடைய பாட்டைத் தாம் உருவாக்கிய பாணியிலேயே ஒரு பெண் பாட, அருகே நின்று கேட்கும் நிலை எத்தகையது என்பதை அவர் எங்கும் சொல்லிக் கொண்டதாகத் தெரியவில்லை. இலட்சுமிபாய் 1940இல் காலமானார். 1951இல் அவர் கோஹர்பாயை மணந்தார். கோஹர்பாய் முஸ்லிம் பெண். ஊரும் உறவும் முகம் சுளித்தன. கந்தர்வரை இவ்வாறு கெடுத்தது அந்தப் பெண்தான் என்று இன்றும் சொல்வார் உண்டு. கால் விளங்காமற் போன முதியவரைத் தம் இறுதிவரை பேணியவர் அவரே என்பதைச் சொல்வார் குறைவு. இருவருமாக ஊர் ஊராய்ச் சென்று பஜனைப் பாட்டுகள் பாடிப் பிழைத்தார்கள்.

ஆனி, ஆடி மாதங்களில் ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பல்லக்கு விஷ்ராந்த்வாடி வழியாகப் புணேக்குள் வருவதை நம் மக்கள் வாயிலில் நின்று கண்டிருப்பார்கள். அந்த வாரகரிகள் பாடிச் செல்லும் அபங்கங்களின் மரபே பால கந்தர்வரின் கடைசிக் காலத்துக்குத் துணையாயிற்று. 1931இல் 'கான்ஹோபாத்ரா' நாடகத்தில் பண்டரிநாதனின் பக்தையாக நடித்துப் பாடிய பாட்டுகளை, வேடமும் மேடையும் போன பின்னும் அவர் பாடிக்கொண்டிருந்தார். அதற்கு நகையும் சரிகையும் வேண்டியிருக்கவில்லை.

1955இல் சங்கீத நாடக அகாதமி விருதும் 1964இல் பத்மபூஷண் விருதும் கிடைத்தன. அந்த 1964ஆம் ஆண்டிலேயே கோஹர்பாய் இறந்தார். 1967ஆம் ஆண்டு ஜூலை மாதம் 15ஆம் நாள் பால கந்தர்வர் புணேயில் காலமானார். எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டேயின் முயற்சியால் எழுந்த அரங்கத்திற்கு 1962இல் பூமி பூஜை நடந்தபோது அவர் உயிரோடிருந்தார். அதை அவர் கையாலேயே செய்வித்தார்கள். 1968ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள், அவருடைய எண்பதாவது பிறந்த நாளன்று, அது திறக்கப்பட்டபோது அவர் இல்லை.

அடுத்த முறை அந்த நிறுத்தத்தில் இறங்க நேர்ந்தால், அன்பர்கள் உள்ளே சென்று ஓவியர் கோபால் தேவுஸ்கர் தீட்டிய இரண்டு பெரிய படங்களைக் காணலாம். ஒன்றில் ஆண் உடையில் அமைதியாக நிற்கும் நாராயணராவ். மற்றொன்றில் நகையும் பட்டும் அணிந்த ஒரு பெண். இரண்டும் ஒருவரே என்பதை அருகில் போய் முகத்தை உற்றுப் பார்த்தால்தான் கண்டுகொள்ளலாம்.