நோயாளியின் பக்கத்தில் இருப்பவர்

பூம்புகாரின் ஐந்து மன்றங்களைச் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை விவரிக்கிறது. அவற்றுள் ஒன்றில் நெடிய கல் ஒன்று நின்றது. மருந்து வைக்கப்பட்டுச் சித்தம் கலங்கியவர், நஞ்சுண்டவர், பாம்பு தீண்டியவர், பேய் பற்றியவர் ஆகியோர் அதைச் சுற்றி வந்து தொழுதால் துயர் நீங்கும் என்று நகர மக்கள் நம்பினர். தலையில் அடிபட்டவரைக் காப்பியம் தனியாகச் சொல்லவில்லை. ஆனால் நினைவு தடுமாறிய ஒருவர் தாமாக அந்தக் கல்லை வலம்வர முடியாது. கைபிடித்து நடத்த ஒருவர் கூடவே வந்திருக்க வேண்டும். அந்தத் துணையாளைப் பற்றி அந்தப் பகுதியில் பேச்சே இல்லை.

மற்ற நூல்கள் அவரை மறக்கவில்லை. மணிமேகலையில் ஆபுத்திரனிடம் மதுரையில் சோறு பெற்றவர்களின் வரிசையில் பார்வையற்றோர், செவிகேளாதோர், கால் முடங்கியோர் ஆகியோருடன், பேணுவதற்கு ஆள் இல்லாதவர்களும் தனியே எண்ணப்படுகிறார்கள். பேணுவார் இல்லாமையையே ஓர் ஊனமாகக் கண்ட பார்வை அது. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து அதைக் கொடுப்பவர் என மருத்துவத்தை நான்காக வகுத்து முடிகிறது. சரக சம்கிதையும் இந்த நால்வகையைச் சொல்லி, அருகிருப்பவருக்குப் பணிவிடை அறிவு, திறமை, அன்பு, தூய்மை என நான்கு தகுதிகளை விதிக்கிறது. அன்பைச் சிகிச்சையின் பகுதியாகவே எழுதிவைத்தது இந்த மரபின் பெருமை.

சோழர் காலத்தில் ஆதுலசாலைகள் எனப்பட்ட மருத்துவமனைகள் எழுந்தன. தஞ்சாவூரில் குந்தவை தன் தந்தை சுந்தர சோழன் பெயரால் ஒன்றை நிறுவினாள். காஞ்சிபுரத்துக்கு அருகே திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திரனின் 1069ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்றின் செலவுக் கணக்கைத் தருகிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர்கள் ஆகியோருடன் நோயாளிகளைக் கவனித்து மருந்து கொடுக்க இரண்டு பெண்களும் அங்கே ஊதியம் பெற்றார்கள். பக்கத்தில் இருப்பது கூலிக்குரிய வேலையாகக் கல்லில் ஏறியிருக்கிறது. பிற்காலத்தில் தஞ்சை மராத்தியர் கட்டிய சத்திரங்களும் நோயுற்ற வழிப்போக்கர்களுக்கு மருந்தும் உணவும் கொடுத்தன. மன்னர் சரபோஜி 1801இல் ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதத்தில் சத்திரங்களில் மருத்துவர்கள் இருப்பதைக் குறிப்பிடுகிறார்.

தலைக்காயத்தைத் தனிப்பொருளாக எடுத்துக்கொண்டவர்கள் தெற்கே குமரிப் பகுதியின் வர்ம ஆசான்கள். உடலின் உயிர்நிலைகளான 108 வர்மங்களில் 25 தலைமுதல் கழுத்துவரை உள்ளவை. அடிபட்டு மயங்கியவரை எழுப்பும் இளக்குமுறையும், பிறகு எண்ணெயிட்டுத் தடவும் தொக்கணமும், பத்தியமும் அவர்கள் முறையில் அடங்கும். மூளைக்குள் இரத்தம் கட்டிக்கொண்டால் தடவுதல் பயன் தராது. கட்டு பெரிதானால் மண்டையோட்டைத் திறந்தே ஆக வேண்டும்.

அந்த வழி தமிழ்நாட்டில் 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் திறந்தது. மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி அதே பணியை ஆரம்பித்தார். 1974இல் கிளாஸ்கோவின் டீஸ்டேலும் ஜென்னட்டும் நினைவிழப்பை அளக்கும் அளவுகோலை வெளியிட்டனர். கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது ஆகிய மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை எண் இடும் அந்த முறை இன்று எல்லா அவசரப் பிரிவுகளிலும் வழக்கில் உள்ளது.

முன்பு இறந்திருக்கக்கூடியவர்கள் இதனால் பிழைத்தார்கள். அத்துடன், பிழைத்தும் பழைய ஆளாகத் திரும்பாதவர்கள் என்ற புதிய கூட்டமும் உருவானது. “ஆளே மாறிட்டாரு” என்று வீட்டார் சொல்வது மிகையல்ல. மூளையின் முன்பகுதி சிதைந்தால் கோபத்தை அடக்கும் ஆற்றலும், ஒன்றைத் தொடங்கும் முனைப்பும், அன்றைய நிகழ்வை நினைவில் வைக்கும் திறனும் குறைகின்றன. தன்னிடம் மாற்றம் நேர்ந்ததே பலருக்குத் தெரிவதில்லை. கை நடுக்கத்தை ஊர் புரிந்துகொள்ளும். காரணமற்ற கோபத்தைத் திமிர் என்றே எடுத்துக்கொள்ளும்.

மருத்துவமனையின் வேலை முடியும் இடத்தில் வீட்டாரின் வேலை தொடங்குகிறது. படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் புண் வரும். விழுங்கும் திறன் திரும்பாதவருக்குப் படுத்த நிலையில் கஞ்சி ஊற்றினால் அது மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியாவாகும். பாசத்தால் நேரும் தவறுகளில் இதுவே மிகக் கொடியது. நிமிர்த்தி உட்காரவைத்து, விழுங்கும் பயிற்சியாளர் சொன்ன பதத்தில் சிறிது சிறிதாகத்தான் ஊட்ட வேண்டும். நினைவு திரும்பும் கட்டத்தில் பலர் அலறுவார்கள், குழாய்களைப் பிடுங்குவார்கள். அந்த நாட்களில் பார்க்க வரும் உறவினர் கூட்டமும் தொலைக்காட்சி இரைச்சலும் குழப்பத்தைக் கூட்டுகின்றன. ஒரே குரல், ஒரே நேரத்துக்குச் சாப்பாடு, கண்ணில் படும்படி ஒரு நாள்காட்டி என்பவை அதைக் குறைக்கின்றன. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் மெல்லத் தொடரும். ஆறு மாதம் ஆகிவிட்டது என்று பயிற்சியை விடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

வீட்டாரைச் சிகிச்சைக்குள் கொண்டுவரும் முயற்சி இந்தியாவில் மனநல மருத்துவத்தில் தொடங்கியது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரமிட்டுத் தங்கவைத்தார். வேலூரின் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையம் குடும்பத்துடன் தங்குவதையே முறையாக்கியது. அதே ஊரில் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தவர் மேரி வர்கீஸ். 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த அந்த மருத்துவர், சக்கர நாற்காலியில் இருந்தபடி அறுவை செய்தார். நியூயார்க்கில் பயின்று திரும்பியதும் அவர் உழைப்பில் உருவான மறுவாழ்வு நிலையம் 1966இல் திறக்கப்பட்டது. முதுகுத்தண்டு, மூளைக் காயம் பட்டவர்களுடன் உறவினர் ஒருவர் தங்கிப் புரட்டவும் நடத்தவும் ஊட்டவும் கற்றுக்கொள்வது அங்கே வழக்கமாயிற்று. அமெரிக்காவில் வீட்டாருக்கான குரலைத் தாய் ஒருவர் எழுப்பினார். 1975இல் மகள் தலைக்காயம் பட்டபின் உதவி தேடி அலைந்த மெரிலின் ஸ்பைவாக், 1980இல் தேசிய தலைக்காய அறக்கட்டளையைத் தொடங்கினார்.

இன்றைய பூம்புகார், 2020இல் பிறந்த மயிலாடுதுறை மாவட்டத்தின் மீனவர் கரை. 2008இல் வந்த 108 ஆம்புலன்ஸும், விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் இன்னுயிர் காப்போம் திட்டமும் உயிர் காப்பதை எளிதாக்கியுள்ளன. பிந்தைய திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. பெரிய அறுவைக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போக வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டுத் தஞ்சாவூர் வார்டு வாசலில் பாய் விரித்துக் கிடக்கும் மனைவியோ தாயோ, வீடு திரும்பியதும் எல்லாப் பொறுப்பையும் தனியாகச் சுமக்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. கைகாலுக்கு அது உதவும். நினைவுக்கும் பேச்சுக்கும் கோபத்துக்கும் பயிற்சி தருபவர்கள் சிற்றூர்களில் அரிது.

குணசீலத்தில், காவிரியின் வடகரையில் உள்ள பெருமாள் கோயிலில், சித்தம் கலங்கியவர்கள் உறவினருடன் 48 நாள் தங்கும் வழக்கம் தொடர்கிறது. தலைக்காயம் வேறு, மனநோய் வேறு. ஆயினும் துணைக்கு ஆள் வந்தே தீர வேண்டும் என்பதைக் கோயில் விதியாகவே கொண்டிருக்கிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களைப் பட்டியலிடுகிறது. மூளைக் காயம் அதில் தனிவகையாக இல்லை. வேறொரு தலைப்பின் கீழ்தான் சான்றிதழ் பெற வேண்டும். வீட்டில் பேணுபவருக்குப் பயிற்சியும், அவர் இழக்கும் கூலிக்கு ஈடும் தருவதே அடுத்த கடமை. திருமுக்கூடலில் இரண்டு பெண்களுக்குச் சம்பளம் ஒதுக்கிய நாட்டில் இது புதிய கோரிக்கை அல்ல.