"கொரியாவைப் பாருங்கோ": ஒரு கேம் எப்படி நாட்டின் தொழிலானது?

"கேம் விளையாடி உழைக்கலாமோ?" என்று வீட்டில் யாராவது கேட்டால் எங்கட தலைமுறையிடமிருந்து உடனே வருகிற பதில் "கொரியாவைப் பாருங்கோ" என்பதுதான். சரி, பார்ப்போம். ஆனால் ஃபேக்கரின் கோப்பைகளை விட்டுவிட்டு 1997 இலிருந்து தொடங்குவோம்.

அந்த வருட டிசம்பரில் தென்கொரியா ஐ.எம்.எஃப். இடம் கடன் வாங்கியது. (2022 ஐக் கடந்து வந்த எங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.) கொம்பனிகள் ஆட்குறைப்புச் செய்தன. வேலை போன நடுத்தர வயதுக்காரர்களில் கொஞ்சப் பேர், கையில் கிடைத்த காசைப் போட்டு 'பிசி பாங்' திறந்தார்கள். 'பாங்' என்றால் கொரிய மொழியில் அறை. எங்கட ஊர் நெட் கஃபே மாதிரித்தான், ஆனால் கேமுக்கென்றே அமைந்தது. மணித்தியாலத்துக்கு ஆயிரம் வொன் அளவில் கொடுத்தால் போதும். 1998 மார்ச்சில் அமெரிக்கக் கொம்பனியான பிளிஸார்ட், 'ஸ்டார்கிராஃப்ட்' கேமை வெளியிட்டது. காலனிய காலக் கசப்பினால் யப்பானியப் பண்பாட்டுப் பொருட்களுக்குக் கொரியாவில் நீண்டகாலம் தடை இருந்தது; அதனால் கொன்சோல்கள் அங்கே பெரிதாக வேரூன்றவில்லை. விளையாட்டு என்றால் கொம்பியூட்டர்தான். கிம் டே ஜுங்கின் அரசு வேக இணையத்துக்கு முன்னுரிமை கொடுத்தது. 2000களின் தொடக்கத்தில் பிசி பாங்குகளின் எண்ணிக்கை இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது.

அடுத்து ரி.வி. வந்தது. 1999 இல் டூனிவர்ஸ் என்ற கார்ட்டூன் சனல் ஸ்டார்கிராஃப்ட் போட்டியை ஒளிபரப்பிப் பார்த்தது. பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும், 2000 இல் ஒன்கேம்நெட் என்ற தனிச் சனலே தொடங்கியது. அதே வருடம் கலாசார அமைச்சின் அங்கீகாரத்துடன் 'கெஸ்பா' என்ற சங்கமும் உருவானது. இம் யோ ஹ்வான் என்ற வீரரின் இணைய ரசிகர் மன்றத்தில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். தொலைபேசிக் கொம்பனிகள் அணிகளை நடத்தின. 2004 ஜூலை 17 அன்று பூசானின் குவாங்கல்லி கடற்கரையில் நடந்த இறுதிப்போட்டிக்கு ஒரு இலட்சம் பேர் வந்தார்கள் என்றார்கள். ஏற்பாட்டாளர் சொன்ன கணக்கு, கடலுக்குக் குளிக்க வந்தவர்களையும் சேர்த்து எண்ணியிருப்பார்கள் என்ற சந்தேகம் எங்களுக்கு உண்டு. ஆனாலும் அன்று அதே நகரில் நடந்த பேஸ்போல் நட்சத்திர ஆட்டத்துக்கு வந்தவர்கள் ஏறக்குறைய பதினையாயிரம் பேர்தான்.

இதுவரைக்கும்தான் எல்லாரும் கதை சொல்வார்கள்.

அந்த மேடைக்குப் பின்னால் விடுதி வீடுகள் இருந்தன. பதினாறு, பதினேழு வயதுப் பெடியள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரே வீட்டில் தங்கி, நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் பயிற்சி செய்தார்கள். மேலே உள்ள சிலருக்கு வருடத்துக்குப் பத்துக் கோடி வொன்னைத் தாண்டிய சம்பளம். கீழே இருந்த பயிற்சி வீரர்கள் பலருக்குச் சாப்பாடும் படுக்கையும் மட்டும். நட்சத்திரம் மேடைக்குப் போகுமுன் அவருக்கு எதிரே இருந்து நூற்றுக்கணக்கான தடவை தோற்பதுதான் அவர்களுடைய வேலை.

இந்தத் தொழில் யாருடையது என்ற சண்டையும் சீக்கிரமே வந்தது. கிரிக்கெட்டுக்கு உரிமையாளர் என்று ஒரு கொம்பனி கிடையாது. ஸ்டார்கிராஃப்டுக்கு உண்டு. 2007 இல் கெஸ்பா, பிளிஸார்டைக் கேட்காமலே போட்டிகளின் ஒளிபரப்பு உரிமையை விற்றது. "எங்கட பொருளை நீங்கள் எப்படி விற்கலாம்?" என்பது பிளிஸார்டின் நிலைப்பாடு, "இதைப் பார்க்க ஆட்களைச் சேர்த்தது நாங்கள்" என்பது கெஸ்பாவின் நிலைப்பாடு. இழுபறி வழக்கு வரை போய் 2011 இல்தான் சமரசமானது. இரண்டு பக்கமும் ஞாயம் பேசியது. விளையாடிய பெடியளுக்கு என்ன பங்கு என்பது அந்தச் சண்டையில் முக்கிய கேள்வியாகவே இல்லை.

அந்த இழுபறிக்கு நடுவே, 2010 இல், சட்டவிரோத பந்தயக்காரர்களிடம் காசு வாங்கித் தோற்றதாகப் பதினொரு வீரர்கள் பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவர் சில வருடங்களுக்கு முன்னர்தான் சம்பியன். கெஸ்பா பதினொருவருக்கும் வாழ்நாள் தடை விதித்தது. செய்தது பிழைதான், அதில் மறுபேச்சில்லை. ஆனால் இருபத்தைந்து வயதுக்குள் முடிந்துபோகிற தொழிலில், படிப்பும் இல்லாமல் சேமிப்பும் இல்லாமல் நிற்கிறவர்களைத்தான் பந்தயக்காரன் தேடி வருவான். அடுத்த வருடம் மூன்று அணிகள் கலைந்தன. 2012 தொடக்கத்தில் எம்பிசி கேம் சனல் இசைச் சனலாக மாறியது.

அரசு ஒரு கையால் தட்டிக்கொடுத்து மறு கையால் குட்டியது. 2011 நவம்பரில் வந்த சட்டப்படி, பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை ஒன்லைன் கேம் விளையாடக்கூடாது. 2012 இல் பதினைந்து வயது தொழில்முறை வீரர் ஒருவர் பிரெஞ்சுப் போட்டியொன்றின் தகுதிச்சுற்றில் ஆடிக்கொண்டிருந்தார். நேரவித்தியாசத்தால் அங்கே மாலை, சோலில் நள்ளிரவு. நடுவில் சட்டம் நினைவுக்கு வர, அவசரமாகத் தாக்கி அந்த ஆட்டத்தில் தோற்றார். பெற்றோர் பயந்த பயத்தை நாங்கள் கேலி செய்யவில்லை. பிள்ளைகளைப் பாதுகாக்க வந்த சட்டம் இரவு ஆறு மணித்தியாலத்தைத்தான் பார்த்தது. விடுதியில் பகல் பன்னிரண்டு மணித்தியாலம் என்ன நடக்கிறது என்று அது கேட்கவில்லை. 2022 ஜனவரியில் அந்தச் சட்டமும் நீங்கியது.

ஸ்டார்கிராஃப்டின் இடத்தை 'லீக் ஒஃப் லெஜன்ட்ஸ்' பிடித்தது. 2013 இல் ஃபேக்கர் வந்தார், அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். பழைய புரோலீக் 2016 இல் நிறுத்தப்பட்டபோது ஐந்து அணிகள் கலைந்தன. 2019 இல், சட்டப்படி இன்னும் வயது வராத ஒரு வீரரைச் சீன அணியொன்றுடன் நீண்டகால ஒப்பந்தத்துக்கு நெருக்கினார்கள் என்று அவருடைய பயிற்சியாளரே வெளியே சொன்னார். நாடே கொதித்தது. 2020 இல் இ-ஸ்போர்ட்ஸ் சட்டத்தைத் திருத்தி வீரர்களுக்கான மாதிரி ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார்கள். கெஸ்பா தொடங்கி இருபது வருடத்துக்குப் பிறகு!

2023 இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் கொரியா லீக் ஒஃப் லெஜன்ட்ஸ் தங்கம் வென்றது. அந்தக் கேமின் சொந்தக்காரரான ரயட், சீனாவின் டென்சென்ட்டுக்கு முழுவதும் சொந்தமான கொம்பனி. அணியிலிருந்த ஆறு பேருக்கும் கட்டாய இராணுவ சேவையிலிருந்து விலக்குக் கிடைத்தது. மற்ற ஆண் வீரர்களுக்கு அந்தப் பதினெட்டு மாதங்கள் அப்படியே இருக்கின்றன. இராணுவத்தில் இருந்தபடியே ஆடுவதற்கு 2007 இல் கொரிய விமானப்படை ஒரு ஸ்டார்கிராஃப்ட் அணி வைத்திருந்தது. இம் யோ ஹ்வானும் அதில் ஆடினார். அந்த அணியை 2012 இல் மூடிவிட்டார்கள்.