கேகாலை மலைத்தெருவும் உயர்ந்த சில்லும்

மேடும் பள்ளமுமான வழியிலே வண்டி செலுத்த விரும்புவோனுக்கு இரண்டு உபாயங்களே உண்டு. ஒன்று, வழியைச் சமப்படுத்துவது. மற்றொன்று, வண்டியை நிலத்தினின்றும் உயர்த்துவது. முன்னையது அரசுக்கும் ஊருக்கும் உரிய பெருவேலை. பின்னையதோ பொருளுள்ள தனியொருவன் தன் முற்றத்திலேயே செய்துகொள்ளத் தக்கது. இன்று ஜீப் வகை மோட்டார் வண்டிகளை வாங்குவோர் பலர், அவற்றின் வில்களை உயர்த்துவதா, பெரிய டயர்களைப் பூட்டுவதா, எத்தனை அங்குலம் உயர்த்துவது என்றெல்லாம் ஆராய்கின்றனர். இவ்வாராய்ச்சி புதியதன்று. கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறும் வழியில் அமைந்த கேகாலைப் பகுதியிலே இரு நூற்றாண்டுகளாக ஏதேனும் ஓர் உருவில் அது நிகழ்ந்தே வருகின்றது.

கண்டி மன்னர் காலத்தில் நான்கு கோறளை என்றும் மூன்று கோறளை என்றும் வழங்கிய நிலப்பரப்பே இன்றைய கேகாலை மாவட்டத்தின் பெரும்பகுதியாகும். மலைநாட்டின் மேற்கு வாயில் அது. வாயிலை அகலத் திறந்துவைக்க மன்னர்கள் விரும்பவில்லை. வழிகள் ஒடுங்கியும் காடடைந்தும் கிடப்பதே தமக்குக் காவல் என அவர்கள் கருதினர். பலானைக் கணவாயில் போர்த்துக்கேயர் பட்ட பாட்டைச் சரித்திரம் கற்றோர் அறிவர். அத்தகைய வழிகளிலே சில்லுக்கு இடமில்லை. உப்பும் கருவாடும் துணியும் பொதிமாடுகளின் முதுகிலேயே ஏறிச் சென்றன. இப்பொதிமாட்டு வரிசைகளுக்குத் தவளம் என்று பெயர். மாட்டின் காலைவிடக் கரடான வழிக்கு ஏற்ற சாதனம் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை என்றே கூறலாம்.

1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817, 1818ஆம் ஆண்டுகளில் எழுந்த கிளர்ச்சி, தெருவின்றி மலைநாட்டை ஆளவியலாது என்பதை அவர்களுக்கு நன்கு உணர்த்தியது. தேசாதிபதி எட்வேட் பார்ண்ஸ் 1820ஆம் ஆண்டில் கொழும்பு–கண்டித் தெருவைத் தொடங்கினார். அதனை வகுத்தவர் பொறியியற் படையைச் சேர்ந்த கப்டன் டோசன். கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து தெரு அமைத்தனர். அந்நியன் மலையைத் துளைக்கும் நாளில் கண்டி இராச்சியம் வீழும் என்றொரு பழங்கதை வழங்கியதாகவும் சொல்வர். இராச்சியம் வீழ்ந்த பின்னரே பாறை துளைக்கப்பட்டது என்பதைக் கதை சொல்வோர் பொருட்படுத்துவதில்லை. டோசன் 1829ஆம் ஆண்டில் இறந்தார். அவர் நினைவாக 1832ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கின்றது. கூலியின்றி இராசகாரியமாக மண் சுமந்தவர்களுக்குக் கோபுரம் ஏதும் இல்லை. அவ்விராசகாரிய முறையும் அதே 1832ஆம் ஆண்டிலேதான் ஒழிக்கப்பட்டது.

அவ்வாண்டிலேயே இத்தெருவில் தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று. அதன் பின்னர்க் கோப்பிப் பயிர் மலையெங்கும் பரவவே, மாட்டு வண்டிகள் அரிசியேற்றி மேலே சென்று கோப்பி மூட்டையுடன் கீழே இறங்கின. அவ்வண்டியின் சில்லைச் சற்று நோக்குதல் தகும். அது இரண்டே சில்லுள்ள வண்டி. சில்லோ மாட்டின் முதுகை எட்டிப் பார்க்கும் உயரமுடையது. குடமும் ஆரக்காலும் வட்டையும் மரத்தாலாயவை. வட்டையைச் சுற்றி இரும்புப் பட்டை இறுக்கப்பட்டிருக்கும். வில் என்பது கிடையாது. பெரிய சில்லு குழியில் ஆழமாக இறங்குவதில்லை. கல்லில் முட்டினாலும் எளிதில் ஏறிக் கடந்துவிடும். ஆயின் சில்லுயர அச்சுயரும், அச்சுயரப் பாரமும் உயரும். மூட்டைகளை மேன்மேலும் அடுக்கிய வண்டி, ஒருபுறச் சில்லு பள்ளத்தில் விழுந்தால் குடைசாய்ந்தது. எனவே கைதேர்ந்த வண்டிக்காரன் கனமான மூட்டையை அடியிலும் இலேசானதை மேலிலும் அடுக்கினான். இன்றைய உயர்த்திய ஜீப்பின் கூரைமேல் பெட்டி கட்டுவோர் இதனை நினைவிற் கொள்வது நல்லது.

1864ஆம் ஆண்டு இறுதியில் அம்பேபுசை வரையும், 1867ஆம் ஆண்டில் கண்டி வரையும் புகையிரதப் பாதை நீண்டது. நெடுந்தூர வண்டி வாணிபம் அத்துடன் தளர்ந்தது. ஆயினும் நிலையத்திலிருந்து தோட்டத்திற்குச் செல்லும் பாதை மாட்டு வண்டியிடமே எஞ்சி நின்றது.

அடுத்து வந்த மாற்றம் ஒரு மரத்தால் விளைந்தது. ஹென்றி விக்கம் என்பார் 1876ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 றப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசென்றார். முளைத்தவற்றுள் ஏறத்தாழ 1,900 கன்றுகள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டு, ஹெனரத்கொடையில் நடப்பெற்றன. அப்பொழுது அவற்றை விரும்பிக் கேட்பார் அதிகமில்லை. காற்றடைத்த டயரை இராபர்ட் தொம்சன் 1845ஆம் ஆண்டிலேயே பதிவு செய்திருந்தும், உலகம் அதனை மறந்துவிட்டது. 1888ஆம் ஆண்டில் டன்லப் அதனை மீண்டும் கண்டார். பின்னர் மோட்டார் வண்டி பெருகிற்று. றப்பரின் விலை ஏறிற்று. தெகியோவிற்றை, எட்டியாந்தோட்டை, உருவன்வெல்லை, தெரணியகலை ஆகிய கேகாலைப் பகுதிகளில் மலைச்சரிவுகள் றப்பர்த் தோட்டங்களாயின. அங்கே பால் வெட்டியோருள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினர்.

கல்லையும் குழியையும் கடக்க, வண்டிச் சில்லைப் பெரிதாக்குவதன்றி, அதனைச் சுற்றிக் காற்றையே மெத்தையாக்கலாம் என்னும் புதுவழி அவர்களது வாளியிலிருந்த பாலினால் உலகுக்குக் கிட்டிற்று. வாளி சுமந்தவர்களோ தொழிற்சாலை வரை நடந்தே சென்றனர்.

1942ஆம் ஆண்டில் மலாயா யப்பானியர் கைப்பட்டதும், நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை றப்பரின் பெரும்பகுதியை இலங்கையே தரவேண்டியதாயிற்று. மரம் பாழாகினும் ஆகுக என்று பல தோட்டங்களிற் பால் வெட்டப்பட்டது. அப்போரின் பிள்ளையே ஜீப். நான்கு சில்லுகளுக்கும் இயந்திர வலுவைச் செலுத்தும் அச்சிறு வண்டி ஆறு இலட்சத்துக்கு மேல் உற்பத்தியாயிற்று. அதனைப் பார்த்து ஆங்கிலேயர் செய்த லாண்ட் றோவர், 1948ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆம் தேதி அம்ஸ்ரடாம் நகரக் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. இலங்கைத் தோட்டத்துரைமார்க்கு அது உற்ற வாகனமாயிற்று. தோட்டப் பாதை தாரிடப் பெறாமலே கிடக்கலாம். துரையின் பயணம் தடைப்படாது. பாதையைச் செப்பனிடும் அவசரத்தை அவ்வண்டி ஓரளவு தணித்துவிட்டது என்று கூறுவது மிகையாகாது.

இனி, இன்றைய கேள்விக்கு வருவோம். வண்டியை உயர்த்துவோர் பலர், வில்லை உயர்த்தினால் வண்டி முழுவதும் உயரும் என எண்ணுகின்றனர். அது சரியன்று. பழைய ஜீப், லாண்ட் றோவர் போல இருபுறச் சில்லுகளையும் ஒரே அச்சு இணைக்கும் வண்டிகளில், அச்சின் நடுவே பற்சக்கரப் பெட்டி தொங்கிக்கொண்டிருக்கின்றது. நடுமேடிட்ட தோட்டப் பாதையிலே கல்லில் முதலில் இடிப்பது பெரும்பாலும் அதுவே. வில்லை உயர்த்தினால் வண்டியின் உடல் மேலெழும். பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். அதனை உயர்த்த வல்லது டயர் ஒன்றே, அதுவும் பாதியளவிலேதான். 28 அங்குல விட்டமுள்ள டயரைக் கழற்றி 31 அங்குல டயரைப் பூட்டினால், விட்டம் மூன்று அங்குலம் கூடினும் அச்சு உயர்வது ஒன்றரை அங்குலமே. அவ்வாறாயின் வில்லை உயர்த்துவதன் பயன் யாதெனில், பெரிய டயர் திரும்பும்பொழுது உடலில் உராயாதிருக்க இடம் தருவதும், செங்குத்தான மேட்டில் வண்டியின் முகப்பும் அடிவயிறும் தட்டாமற் காப்பதுமாம். ஒவ்வொரு சில்லும் தனித்தனியே அசையும் புது வண்டிகளில் பற்சக்கரப் பெட்டியும் உடலுடன் உயரும். ஆனால் சில்லைச் சுழற்றும் தண்டுகள் அளவுக்கு மீறிச் சரிந்து விரைவில் தேய்ந்துபோகும்.

பெரிய டயருக்கும் விலை கொடுத்தாக வேண்டும். மேற்கூறிய மாற்றத்தைச் செய்த வண்டியின் வேகமானி மணிக்கு 40 கிலோமீற்றர் என்று காட்டும்பொழுது, உண்மை வேகம் ஏறத்தாழ 44 ஆகும். தடுப்பின் பிடி தளரும். கடுகண்ணாவை இறக்கத்தில் இஃது அற்பக் காரியமன்று. மேட்டில் இயந்திரம் திணறும். இரு சில்லுகளுக்கும் இடையிலுள்ள அகலம் மாறாதிருக்கப் பாரம் மட்டும் மேலேறுவதால், வளைவிலும் சரிவிலும் வண்டி கவிழும் ஏது மிகும். மழைக்காலச் செம்மண் களி டயரின் வெட்டுகளில் அடைந்துவிட்டால், பெரிய டயரும் வழுக்கவே செய்யும். மலைத்தெருவில் ஓடும் வண்டிக்கு ஒன்றரை, இரண்டு அங்குல உயர்வே போதும். அதற்கு மேற்பட்டது கண்ணுக்கு அழகேயன்றிக் காரியத்துக்கு ஆதாயமன்று. முதலில் கவனிக்க வேண்டுவது, டயரின் வெட்டு இவ்வூர்ச் சேற்றுக்கு ஏற்றதா என்பதையே.

எந்தச் சில்லும் உதவாத நாளும் உண்டு. 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் தேதி, பெருமழையால் அரநாயக்கையிலும் புலத்கொகுப்பிட்டியைச் சேர்ந்த களுப்பகனைத் தோட்டத்திலும் மலை சரிந்து வீடுகளை மூடிற்று. மலைச்சரிவிலே வழி என்பது வண்டி ஓடும் தளம் மட்டுமன்று. அதனைத் தாங்கும் மண்ணும், மழைநீரை வழிந்தோடச் செய்யும் வடிகாலும், கீழ்ப்புறத்துக் கல்லணையும் சேர்ந்ததே வழியாகும்.

தோட்டத்து லயங்களில் வாழ்வோர் உயர்த்திய ஜீப்பை விலைக்கு வாங்குபவரல்லர். கர்ப்பிணியையோ நோயாளியையோ கேகாலை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல அவர்கள் அழைப்பது முச்சக்கர வண்டியையே. அதன் டயர் 8 அங்குல வளையத்திற் பூட்டப்படுவது; வண்டியின் அடிப்பகுதியோ நிலத்துக்கு அண்மையிலேயே இருப்பது. தார் அல்லது கொங்கிறீற்றுப் பாதை முடியும் இடம்வரை அது ஏறி வருகின்றது. அதற்கு மேலுள்ள லயங்களிலிருந்து நோயாளியை அவ்விடம்வரை தூக்கிக்கொண்டே இறங்கவேண்டியுள்ளது.