ஒனைடாவின் கூட்டு மணம்

மணம் இருவருக்கு மட்டுமே உரியதா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கச் சமூகமொன்று இக்கேள்வியைத் தன் வாழ்விலேயே சோதித்துப் பார்த்தது.

1848-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில், ஒனைடா என்னுமிடத்தில், ஜான் ஹம்ஃப்ரி நோயஸ் என்ற சமயத் தலைவர் ஒரு குடியிருப்பை நிறுவினார். அங்கே பொருள்கள் எல்லாம் பொதுவுடைமை. மனிதரும் எவருக்கும் தனியுடைமையல்லர் என்று கூறி, மணத்தையும் அவர் பொதுவாக்கினார். ஆண் தன் விருப்பத்தை மூன்றாமவர் வழியே தெரிவிப்பான், பெண் மறுக்கலாம். மனைவியின் மீது கணவனுக்கே உரிமை என்று சட்டம் கருதிய அக்காலத்தில் இது பெரும் புதுமை எனலாம்.

ஆயினும், இருவர் தம்முள் மட்டும் அன்பு கொள்வது அங்கே குற்றமாயிற்று. 1869 முதல், யார் யார் குழந்தை பெறலாம் என்பதையும் நோயஸும் ஒரு குழுவும் முடிவு செய்தனர். இளைய தலைமுறை மனம் புழுங்கியது. வெளியே பாதிரிமார்களின் எதிர்ப்பு வலுத்தது. 1879 ஜூனில், வழக்குக்கு அஞ்சி நோயஸ் கனடாவுக்குச் சென்றுவிட்டார். ஆகஸ்டில் கூட்டு மணம் கைவிடப்பட்டது. 1881-இல் அச்சமூகம் பங்கு நிறுவனமாக மாறி, பின்னர் கரண்டித் தொழிலில் புகழ் பெற்றது.

பலரை மறுக்கும் உரிமை மட்டும் போதாது. ஒருவரையே விரும்பும் உரிமையும் இருந்தால்தான் இசைவு முழுமையாகும். ஒனைடாவின் வரலாறு உணர்த்தும் உண்மை இதுவே.