கொடியது யாருக்கு? கெய்மாடா கிராண்டே தீவின் குழிவிரியனும் அதன் நஞ்சும்

பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலக் கரையிலிருந்து ஏறத்தாழ 33 கிலோமீட்டர் தொலைவில், 43 ஹெக்டேர் பரப்பே கொண்ட பாறைத்தீவு கெய்மாடா கிராண்டே. உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத ஒரு குழிவிரியனுக்கு அதுதான் இருப்பிடம். 1920களின் தொடக்கத்தில் அஃப்ரானியோ டோ அமரால் அதைத் தனி இனமாக விவரித்தார். அறிவியல் பெயர் போத்ராப்ஸ் இன்சுலாரிஸ். இதன் நஞ்சைப் பற்றி ஒரு விளக்கம் ஓயாமல் சொல்லப்பட்டு வருகிறது. தீவில் இரை என்றால் பறவைதான். கடிபட்ட பறவை பறந்துபோய்க் கடலில் விழுந்தால் பாம்புக்குப் பட்டினி. ஆகவே நொடியில் கொல்லும் நஞ்சு அதற்கு வாய்த்தது. ஆகவே மனிதருக்கும் இதைவிடக் கொடியது இல்லை. இதில் வரும் இரண்டு ‘ஆகவே’களில் முதலாவதற்குப் பாதி ஆதாரம் உண்டு. இரண்டாவது வெறும் தாவல்.

பனியுகத்தின் முடிவில், சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் உயர்ந்து இந்த மேட்டைக் கரையிலிருந்து துண்டித்தது. பெருநிலத்தில் இன்றும் வாழும் ஜரராக்கா விரியனே இதன் மிக நெருங்கிய உறவு. வளர்ந்த ஜரராக்கா எலி தின்னும். தீவிலோ வௌவால் தவிர நாட்டுப் பாலூட்டி எதுவும் இல்லை. பறவை உண்டே என்றால், அங்கேயே தங்கி வாழும் பறவைகள் பாம்பிடம் அபூர்வமாகவே சிக்குகின்றன. வளர்ந்த பாம்பின் வயிறு நிரம்புவது பெரும்பாலும் வலசை வரும் இரண்டே இனங்களால்: ஈலேனியா என்னும் சிறு பறவை, மஞ்சள் கால் கொண்ட ஒரு பூங்குருவி. வைக்கோல் நிறத்து உடலைக் கிளையில் கிடத்தி, பழம் கொத்த வரும் பறவைக்காக அது அசையாமல் காத்திருக்கும். குட்டிகளின் உணவு வேறு: பூரான், தவளை போன்றவை. வலசைக் காலம் தவறினால் வளர்ந்த பாம்பு நெடுநாள் பசித்திருக்க வேண்டியதுதான். அப்படியிருக்க, கிடைத்த ஒரு பறவையையும் தவறவிடாமல் இருக்கும் திறனை இயற்கைத் தேர்வு வளர்த்திருக்கும் என்பது நியாயமான ஊகம்.

ஆனால் அந்தத் திறன் நஞ்சில் மட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை. எலியைக் கடிக்கும் விரியன் உடனே விட்டுவிடும். எலியின் பல் ஆபத்தானது, தரையில் விட்டுச்சென்ற மணத்தை நாவால் தொடர்ந்து பிணத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். காற்றில் அப்படித் தடம் ஏது? அதனால் பறவையைக் கவ்விய விரியன் பொதுவாக வாயை விடுவதில்லை. பறந்துபோய்க் கடலில் விழும் பறவை என்ற காட்சியே இங்கு ஆட்டம் காண்கிறது. பிடியே போதுமென்றால் நஞ்சு மாறுவானேன் என்று கேட்கலாம். கேள்வி சரிதான், ஆனால் சிறகடித்துத் துடிக்கும் இரையை மரக்கிளையில் தொங்கியபடி கவ்விக்கொண்டிருப்பது எளிதல்ல, துடிப்பு விரைவில் அடங்கினால் பாம்புக்கு ஆதாயம். இந்த நஞ்சு பறவைகளின் மீது வலுவாக வேலை செய்வதை ஆய்வாளர்கள் காட்டியிருப்பதும் இதனோடு பொருந்துகிறது. அதை ‘அதிக வீரியம்’ என்பதைவிடப் ‘பறவைக்கேற்ற வீரியம்’ என்பதே பொருந்தும். பறவையின் குருதியும் நரம்பும் பாலூட்டியுடையவை அல்ல.

மனித உடலில் தீவு விரியனின் நஞ்சு விபரீதமாக வேலை செய்வதும் உண்டே என்பது இன்னும் வலுவான மறுப்பு. கரீபியனின் மார்ட்டினிக் தீவுக்கே உரிய போத்ராப்ஸ் லான்சியோலாட்டஸ் கடித்தவர்களுக்கு, இந்த இனக்குழுவில் வழக்கமான குருதிக்கசிவுக்குப் பதிலாக, குருதி உறைந்து மூளையிலும் நுரையீரலிலும் அடைப்பு ஏற்படுவதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இது பயங்கரம்தான். எனினும் மனிதனைக் கொல்வதற்காக எந்தத் தீவிலும் நஞ்சு தேர்வு பெறவில்லை. வேறோர் உயிருக்காக அமைந்த கலவை நம் உடலில் என்ன செய்யும் என்பது தற்செயல், இரையை வைத்து அதை முன்கூட்டிக் கணிக்க முடியாது. கெய்மாடா கிராண்டேயைப் பொறுத்தவரை, கலங்கரை விளக்கக் காவலரின் குடும்பமே பாம்பு கடித்து மாண்டதாக ஒரு கதை உலவுகிறது. அது கதை மட்டுமே.

சதுர மீட்டருக்கு ஒரு பாம்பு என்ற பேச்சும் இதே வகை. 43 ஹெக்டேர் என்றால் 4,30,000 சதுர மீட்டர். கள ஆய்வாளர்களின் மதிப்பீடோ சில ஆயிரங்களைத் தாண்டவில்லை. அழிவின் விளிம்பில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்ட இனம் இது. கொடிய பாம்பு என்ற புகழே கள்ளச்சந்தையில் அதற்கு விலை ஏற்றிவிடுகிறது என்பது கசப்பான வேடிக்கை.

நஞ்சை வடிப்பது தீவல்ல, இரைதான் என்ற வாதத்துக்கு, இதே சாவோ பாவ்லோ கரைக்கு அப்பால் உள்ள அல்காட்ராசெஸ் தீவு நல்ல உரைகல். அங்கும் ஜரராக்காவின் வழிவந்த ஒரு விரியன் தனித்து நின்று மாறியது. 2002இல் தனி இனமாக விவரிக்கப்பட்டது. அதுவும் தீவுதான், அங்கும் கடல்தான் சுற்றிலும். ஆனால் அந்தப் பாம்பு பறவையை நம்பி வாழவில்லை. உருவம் குறுகி, வளர்ந்த பிறகும் பூரானையும் பல்லியினத்தையும் தின்கிறது. அதன் நஞ்சு ஒத்திருப்பது பெருநிலத்து ஜரராக்காவின் குட்டியினுடைய நஞ்சை.